கருவாடு கொண்டு சிங்கம் பார்க்கப் போனோம்

ஆபிரிக்கா சஃபாரி எப்படியிருந்தது என்று கோயிலில் பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள். 'நல்லாயிருந்தது' என்று சொல்லிவிட்டு நழுவினேன். என் மச்சான் வீடு வீடாகப் போய்ப் படம் போட்டுக் காட்டுகிறார். அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு குடும்பங்கள் போக யோசிக்கின்றனவாம். அதனால்தான் எழுதுகிறேன்.

சஃபாரி என்றால் உட்கார்ந்திருப்பது. இதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள். காலை ஆறு மணிக்கு வண்டியில் ஏறினால், மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்குமிடம் வரும் நேரம் தவிர, மாலைவரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு இருக்க இறங்குவதென்றாலும் வழிகாட்டியிடம் கேட்டுத்தான் இறங்கவேண்டும். அவர் முதலில் புதரைப் பார்ப்பார், பிறகு தலையாட்டுவார். நான் மொன்றியலில் பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போனவன். விடுமுறைக்கு உலகத்தின் மறுபக்கம் போய் இன்னொரு வண்டியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

என் யோசனை இல்லை. என் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன் பெனடிக்ற் இருக்கிறாரே, அவருடைய யோசனை. நாங்கள் வில்லரேயில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அவர் கர்க்லாண்டில் சொந்த வீட்டில் இருக்கிறார். கோயிலில் நிர்வாகக் குழு, பெருநாளில் மைக், எல்லாம் அவர்தான். அவருக்கு அறுபது வயது வந்தது. அறுபதுக்கு மனிதர் மண்டபம் எடுப்பார் என்று பார்த்தால், சிங்கம் பார்க்கவேண்டும் என்றார்.

எனக்கு லீவு கிடைப்பது மார்ச் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களை ஒரு வாரம் மூடும்போதுதான். அது தவக்காலத்தில் விழுந்தது. மச்சான் வீட்டில் திருநீற்றுப் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறுவரை இறைச்சி கிடையாது. மீன் சாப்பிடலாம். அவர் மனைவி மேரி அக்கா மன்னார்க்காரி. "அங்கை போய் மீனுக்கு எங்கை போறது?" என்று கேட்டு, இரண்டு கிலோ கருவாட்டைப் பொரித்து, காற்றுப் புகாத பைகளில் மூன்று மடிப்பாகக் கட்டி, செத்தல் மிளகாய் இடிச்ச சம்பல் இரண்டு போத்தலோடு பெட்டியில் வைத்துவிட்டார். சிங்கம் பார்க்கக் கருவாட்டோடு போன முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

மச்சான் தன் பங்குக்கு நாலு பேருக்கும் ஒரே மாதிரி டீ-சேர்ட் அடித்துக் கொண்டுவந்தார். கடும் நீலம். நெஞ்சில் சிங்கத் தலை, முதுகில் அவருடைய பெயரும் அறுபதும். "எல்லாரும் ஒரே நிறத்திலை நிண்டால்தான் படத்திலை எடுப்பாயிருக்கும்" என்றார்.

தன்சானியாவில் இறங்கினோம். எங்கள் வழிகாட்டிதான் சாரதியும். பெயர் எலியாஸ். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, அடக்கமான சிரிப்பு. எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சேர், நீலச் சட்டை வேண்டாம். இங்கே செட்ஸி என்று ஓர் ஈ இருக்கிறது. அதற்கு நீலம் பிடிக்கும்" என்றார்.

மச்சான் என் பக்கம் திரும்பித் தமிழில், "ஈக்கு நிறம் தெரியுமோ? விசர்க்கதை" என்றார்.

ஈக்கு நிறம் தெரியும். தராங்கிரே பூங்காவுக்குள் நுழைந்து அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அந்த ஈ சட்டைக்கு மேலாலேயே குத்துகிறது. அடித்தால் சாவதில்லை, திரும்பி வருகிறது. நாலு பேரும் வண்டிக்குள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டோம். எனக்கு மச்சானின் முதுகு கிடைத்தது. கொஞ்சம் பலமாகவே அடித்தேன். எலியாஸ் கண்ணாடியில் பார்த்தார். சிரிக்கவில்லை. நல்ல சாரதி சிரிக்கமாட்டான்.

வண்டி ஓடுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். மொன்றியல் தெருக்களில் குழி பார்த்துப் பழகியவன் நான். பனி உருகும் மாதத்தில் என் பஸ்ஸில் பிள்ளைகள் பந்துமாதிரித் துள்ளுவார்கள். அந்தக் குழிகளெல்லாம் இங்கே தெருவாகக் கணக்கு. ஆனால் எலியாஸ் ஒரு குழியிலும் சில்லை விழவிடவில்லை. கிளட்சை மிதிப்பது கேட்கவேயில்லை. மற்ற வண்டிகளின் வழிகாட்டிகள் குலுங்கும்போதெல்லாம் 'இலவச மசாஜ்' என்று ஒரே பகிடியைச் சொன்னார்கள். இந்த மனிதர் அதையும் சொல்லவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

மிருகங்களுக்கு வருகிறேன். யானை நிறைய. மச்சான் ஒவ்வொரு யானைக்கும் கை தட்டினார். நாங்கள் யானைகளின் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. பிறகு ஒரு பெரிய மரத்தடியில் வண்டியை நிறுத்தி எலியாஸ் பக்தியோடு சொன்னார்: "இதுதான் பேயோபாப். ஆயிரம் வருடம் இருக்கலாம்."

மேரி அக்கா எட்டிப் பார்த்தார். "இது பெருக்கமரமல்லோ! எங்கட மன்னாரிலை நிக்குது. இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"வாயை மூடும். படம் எடுக்கிறன்" என்றார் மச்சான்.

சிங்கம் இரண்டாம் நாள் கிடைத்தது. ஒரு சிங்கம் புல்லில் நித்திரை. அதைச் சுற்றிப் பத்தொன்பது வண்டிகள். எண்ணினேன். மாலை ஐந்து மணிக்கு மெட்ரோபொலிட்டன் நெடுஞ்சாலையில் நிற்பது போல ஒன்றுக்குப் பின் ஒன்றாக நின்றன. டீசல் புகை. எல்லோரும் தலையை மேலே நீட்டிக்கொண்டு ஒரு மிருகத்தின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். நாற்பது நிமிடம். அது ஒருமுறை கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தது. எங்களுக்குச் சிங்கம் தந்த மரியாதை அவ்வளவுதான். மச்சான் அதை நாற்பது நிமிடமும் வீடியோ எடுத்தார். உங்கள் வீட்டுக்கு வந்தால் முழுவதையும் போடுவார். எச்சரிக்கிறேன்.

சாப்பாடுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. தங்கியது கூடாரங்களில். கூடாரம் என்றாலும் உள்ளே கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. சாப்பாட்டு மண்டபத்தில் மாடு, ஆடு, கோழி என்று நெருப்பில் வாட்டி அடுக்கியிருந்தார்கள். நாங்கள் இறைச்சி வேண்டாம் என்றதும் சமையற்காரர் முகம் தொங்கிப்போனது. அதன்பிறகு எங்களுக்கு அவித்த கரட், பூசணி சூப், வெள்ளரிக்காய் சான்ட்விச், வெறும் சோறு. உப்பைத் தவிர வேறொன்றும் தெரியாத சாப்பாடு. மேரி அக்கா கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் எடுத்துத் தூவினார். பக்கத்து மேசையில் கியூபெக்கிலிருந்து வந்த ஒரு கிழத் தம்பதி. அந்த அம்மா கணவனிடம் பிரெஞ்சில், "பார், எல்லாவற்றுக்கும் அந்தச் சிவப்புத் தூளைத்தான் போடுகிறார்கள். நாக்கு செத்துப்போயிருக்கும்" என்றார்.

பதினெட்டு வருடம் பிரெஞ்சுப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவன் நான். டப்பாவை எடுத்துக்கொண்டு போய், "கொஞ்சம் வேணுமா மடாம்?" என்று பிரெஞ்சிலேயே கேட்டேன். அந்த அம்மா சிவந்துபோய்க் கொஞ்சம் போட்டுக்கொண்டார். மறுநாள் தானே வந்து கேட்டார்.

இனிக் கருவாடு. முதல் நாளே எலியாஸ் எங்கள் நாலு பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "கூடாரத்துக்குள் எந்தச் சாப்பாடும் வைக்கக்கூடாது. ஒரு சொக்லேட்கூட. பபூன் குரங்குகள் கூடாரக் கதவின் சிப்பைத் திறக்கும். திறக்க முடியாவிட்டால் கிழிக்கும். இருப்பதை என்னிடம் தாருங்கள். வண்டியில் இரும்புப் பெட்டி இருக்கிறது, பூட்டிவைக்கிறேன்." அன்று மத்தியானமும் சொன்னார், மறுநாளும் சொன்னார். மூன்று தடவை. மச்சான் "ஓகே, ஓகே" என்று ஒரு பிஸ்கற் பக்கற்றைக் கொடுத்தார். கருவாடு கட்டிலுக்கடியில் இருந்தது.

ஏன் கொடுக்கவில்லை? வெட்கம். இந்த வெட்கத்தை எங்களுக்கு மொன்றியல் கற்றுத்தந்தது. வந்த புதிதில் மச்சான் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தபோது, கருவாடு பொரித்த நாளில் செத்த பிராணி மணக்கிறது என்று பக்கத்துவீட்டுக்காரன் முறையிட்டு, கட்டடச் சொந்தக்காரன் கதவைத் தட்டியிருக்கிறான். அன்றிலிருந்து அவர் வீட்டில் கருவாடு பொரிப்பதென்றால் கராஜுக்குள், கதவை மூடிக்கொண்டு. "பெட்டிக்குள்ளை வைக்கச் சொல்லி அவனிட்டைக் குடுத்தால், மூக்கைப் பொத்துவான். எனக்கு அது வேண்டாம்" என்றார். ஆகவே தினமும் மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்திலிருந்து வெறும் சோற்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு மச்சானின் கூடாரத்துக்குள் போனோம். நாலு பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, சிப்பை மூடிக்கொண்டு, கருவாடும் சம்பலும் தின்றோம். நானும் தின்றேன். அந்தப் பயணத்தில் நான் வயிறாரத் தின்றது அது ஒன்றுதான்.

நாலாம் நாள் மத்தியானம் திரும்பி வரும்போது முகாம் முழுவதும் கூச்சல். மச்சானின் கூடாரம் மேலிருந்து கீழாகக் கிழிந்து கிடந்தது. வாசலில் ஒரு பெரிய ஆண் பபூன் குந்தியிருந்து சம்பல் போத்தலுக்குள் கையைவிட்டு நக்கியது. பிறகு கண்ணைக் கசக்கிற்று. கசக்கிய கை சம்பல் கை. அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடிற்று. துப்புரவு செய்யும் பெண்ணையும் துரத்தியிருக்கிறது. அவர் விழுந்து, முழங்கை உரிந்து, படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நீல டீ-சேர்ட் ஒன்று மரத்தில் தொங்கியது. முகாம் முழுவதும் மன்னார்க் கருவாடு மணத்தது.

முகாமின் பொறுப்பாளர் நீமா என்றொரு பெண். கத்தவில்லை. எங்களையும் எலியாஸையும் வரிசையாக நிறுத்திவைத்து, மச்சானிடம் கேட்டார்: "சாப்பாட்டு விதியை உங்கள் வழிகாட்டி உங்களுக்குச் சொன்னாரா?"

மச்சான் கண்ணைச் சிமிட்டவில்லை. "இல்லை. ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை."

எலியாஸ் மச்சானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனேன். ஜெசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா நில்லுங்கோ. அண்ணையின்ரை மானம்" என்று முணுமுணுத்தாள். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சப்பாத்தில் சிவப்பு மண். வேறு ஒன்றும் நினைவில்லை.

மறுநாள் காலை வண்டியில் வேறொரு ஆள் இருந்தான். சின்ன வயது, காதில் பாட்டு. "எலியாஸ் எங்கே?" என்று கேட்டேன்.

"அருஷாவிலுள்ள கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விருந்தாளி இல்லை என்றால் வழிகாட்டியின் பேச்சு எடுபடாது. விதியைச் சொல்லாத வழிகாட்டிக்கு வண்டி கொடுக்கமாட்டார்கள். பதினொரு வருடம் ஓட்டியவர், பாவம்" என்றான்.

மச்சான் ஏறி உட்கார்ந்து கமராவைத் துடைத்தார். "இண்டைக்குச் சிறுத்தை பாக்கலாமாம்" என்றார்.

நான் ஏறவில்லை. மொன்றியலில் ஒருமுறை ஒரு தாய் என்மேல் முறைப்பாடு கொடுத்தார், பிள்ளையைப் பிழையான இடத்தில் இறக்கிவிட்டேன் என்று. பிள்ளை தானாகச் சினேகிதனோடு இறங்கிப் போயிருந்தான். பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தேன். பஸ் கம்பெனி என்னிடம் கேட்ட கேள்வியும் நீமா கேட்டது போலத்தான், எழுதிவைத்துக்கொண்டு, கத்தாமல். அந்த இரண்டு வாரமும் நான் பட்டதை இப்போது எலியாஸ் பட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"ஏறுமன். நேரம் போகுது" என்றார் மச்சான்.

"நான் நீமாவிட்டைப் போறன்."

"என்னத்துக்கு?"

"எலியாஸ் மூண்டு தரம் சொன்னவர் எண்டு சொல்ல."

மச்சான் கமராவை மடியில் வைத்தார். "விசரோ உமக்கு? அவங்களுக்கு நாளைக்கு வேறை வேலை கிடைக்கும். என்னைப் பொய்க்காரன் ஆக்கப் போறீரோ?"

"ஆக்கத் தேவையில்லை. நேற்றே ஆகிட்டியள்."

"யூதாஸ்!" என்றார் அவர், வண்டிக்குள்ளிருந்தே. "தபசு காலத்திலை சொந்தத்தைக் காட்டிக்குடுக்கிறீர்."

"தபசுக்கு இறைச்சி தின்னேல்லை. பொய் மட்டும் சொல்லலாமோ? அதுக்குத் தபசு இல்லையோ? உங்கட கருவாடு மணக்கிறது வெக்கமெண்டு ஒரு மனிசன்ரை சோத்திலை கை வைச்சிட்டியள். அவன் மூக்கைப் பொத்துவானோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாத்தனீங்களோ?"

மேரி அக்கா அழத்தொடங்கினார். "நான் கருவாடு கொண்டுவந்திருக்கக் கூடாது" என்றார்.

"கருவாட்டிலை பிழையில்லை, அக்கா."

ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை. "போறதெண்டால் போங்கோ. பேந்து என்னோடை கதைக்க வராதையுங்கோ" என்றாள். போனேன். வண்டி எனக்காக நிற்கவில்லை. சிறுத்தை பார்க்கப் போய்விட்டது.

நீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு தாளைத் தள்ளினார், எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். வழிகாட்டி மூன்று முறை சொன்னார், நாங்கள் வேண்டுமென்றே ஒளித்தோம், நாலு பேரும் தின்றோம். "யார் ஒளித்தது?" என்று கேட்டார். "நாலு பேர்" என்றேன். மச்சானின் பெயரைத் தனியாக எழுதவில்லை. அதைக்கூட அவர் இன்றுவரை நம்பவில்லை.

"அந்த மீன் உங்கள் ஊர் மீனா?" என்று நீமா கேட்டார். "எங்கள் ஏரிக்கரையிலும் காயவைப்பார்கள். இதைவிட மணக்கும். கேட்டிருந்தால் சமையலறையில் வைத்திருப்போமே." எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. கராஜுக்குள் ஒளிந்து பொரித்த அத்தனை வருடமும் அந்த அறையோடு நினைவுக்கு வந்தன.

அன்று முழுநாளும் முகாமில் தனியே இருந்தேன். முழங்கை உரிந்த பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என் ஆங்கிலம் விளங்கவில்லை. எனக்கு அவருடைய சுவாகிலி விளங்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு விளக்குமாறைத் தேடிப் போனார்.

இரண்டு நாள் கழித்து, விமான நிலையத்துக்கு எங்களைக் கொண்டுபோக எலியாஸ் வந்தார். அதே இஸ்திரிச் சட்டை. நாலு பேருக்கும் ஒரேமாதிரிக் காலை வணக்கம். பெட்டிகளை ஏற்றினார். மச்சான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் போய் இருந்தார். அவர் பக்கத்தில் மேரி அக்கா. ஜெசிந்தா நடு வரிசையில். நான் முன்னால், எலியாஸுக்குப் பக்கத்தில்.

எனக்கு நல்லவன் என்ற நினைப்பு வந்திருந்தது. ஒளிக்கத் தேவையில்லை. எலியாஸ் கையைப் பிடித்து நன்றி சொல்வார், மச்சான் அதைப் பார்ப்பார், ஜெசிந்தா கேட்பாள் என்று இரண்டு நாளாக மனதுக்குள் படம் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரோ குழிகளை விலக்கி ஓட்டினார். பெற்றோல் நிலையத்தில் நிறுத்தியபோது நானும் இறங்கினேன். அவர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்போது பிரச்சினை இல்லையே, எலியாஸ்? வண்டியைத் திருப்பித் தந்துவிட்டார்கள்தானே?"

"தந்துவிட்டார்கள், சேர்." துடைப்பதை நிறுத்தவில்லை. "உங்கள் கடிதத்தைக் காட்டினார்கள். உண்மை எழுதியிருந்தீர்கள்."

"சொல்லவேண்டியது என் கடமை."

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. வழி சொல்வது போலச் சொன்னார்: "நான் விதியைச் சொல்லவில்லை என்று அவர் சொன்னபோதும் உங்களுக்கு உண்மை தெரியும், சேர். நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்."

துணியைப் பிழிந்து உதறினார். கதவைத் திறந்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் உள்ளே காசு கட்டப் போனார்.

கடைசி வரிசையிலிருந்து மச்சானின் குரல் வந்தது. இரண்டு நாளில் என்னோடு கதைத்த முதல் கதை. "என்னவாம்? நன்றி சொல்லுறானோ?"

"இல்லை" என்றேன். "அண்டைக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான் எண்டு சொல்லுறான்."

மச்சான் சிரிக்கப் போனார். பிறகு சிரிக்கவில்லை. ஜெசிந்தா, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தவள், யன்னல் பக்கம் திரும்பினாள். எலியாஸ் வந்து ஏறி, இருக்கைப் பட்டியைப் போட்டு, வண்டியை எடுத்தார்.